மாதா கையில் பெரிய பிள்ளை

என் வீட்டுக்காரர் ஆம்புரோஸ் நாற்பது வருடமாக ஒரே படத்தைக் காப்பியடித்து வந்தவர். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்வதென்றால் அவரைப் பற்றி வேறு நிறைய இருக்கிறது. மனுஷன் பேசவே மாட்டார். குழம்பில் உப்பு இல்லையென்றால்கூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிற ஆள். அவர் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன அன்றைக்கே என் அம்மா 'கல்லுளிமங்கன்' என்று பெயர் வைத்துவிட்டாள். அந்தப் பெயர் இன்றைக்கும் பொருந்துகிறது.

நாங்கள் இருந்தது கோலாலம்பூருக்குத் தெற்கே லாபு பக்கம், ஆர்ட்மோர் ரப்பர் தோட்டம். அது காகிதத்தில் இருந்த பெயர். எங்கள் வாயில் அது பாலத்துத் தோட்டம். இவருக்குப் புகைவீட்டுக்குப் பக்கத்து ஸ்டோரில் வேலை. காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை அழுத்திப் பேலாகக் கட்டி வெள்ளை பூசி வைத்திருப்பார்கள். அதன்மேல் தகர அச்சை வைத்து, தோட்டத்து முத்திரையையும் வருடத்தையும் கறுப்பு மையில் எழுத வேண்டும். நாளெல்லாம் எழுதினாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு கோடு பிசகக் கூடாது. தோட்டத்திலேயே பிரஷ் பிடிக்கத் தெரிந்த ஆள் இவர்தான் என்பதால், எண்பத்து நான்காம் வருடம் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து இவரிடம் நீட்டினார். மாதா கோயில் கொடிக்குப் படம் எழுத வேண்டும் என்றார்.

எங்கள் மாதா கோயில் பெரிய கோயில் ஒன்றும் இல்லை. தகரக் கூரை, பலகைச் சுவர், முன்னால் ஒரு கொடிமரம். செப்டம்பரில் மூன்று நாள் திருவிழா. வெள்ளிக்கிழமை கொடியேற்றம், ஞாயிற்றுக்கிழமை தேர் சுற்றி வந்ததும் கொடியிறக்கம். இறக்கிய கொடி, அந்த வருடம் திருவிழாவுக்கு உபயம் எடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அவர்கள் அதை வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் வருடா வருடம் புதுக் கொடி வேண்டும், வருடா வருடம் அதே படம் வேண்டும்.

முதல் கொடியை இவர் சிரம்பான் மளிகைக்கடை காலண்டரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துப் போட்டார். மாதா நிற்கிறாள், இடது கையில் குழந்தை. அடுத்த வருடத்துக்குள் காலண்டரைக் கரையான் தின்றுவிட்டது. அதிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டார். கொடி இறங்கியதும் உபயக் குடும்பத்திடம் கேட்டு ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்வார். அதன்மேல் பிரவுன் பேப்பரை விரித்துப் படத்தைப் பென்சிலால் எடுத்துக்கொண்டு, கொடியைக் கொடுத்துவிடுவார். அடுத்த வருடக் கொடி அந்தப் பேப்பரிலிருந்து வரும். அந்தக் கொடியிலிருந்து அதற்கடுத்த பேப்பர். கீழே மூலையில் வருடத்தை மட்டும் பேல் அச்சில் எழுதுவார். எழுதி முடித்துக் காய்ந்ததும் என் மடியில் கொண்டுவந்து போடுவார். ஓரம் மடித்துத் தைப்பது என் வேலை.

கொடியேற்றத்துக்குத் தோட்டத்து வரிசை வீடுகள், லயமே திரண்டு வரும். வேதக்காரர்கள் பதினெட்டுக் குடும்பம்தான், கூட்டம் மட்டும் இருநூறு பேர் இருக்கும். மயிலம்மாள் அக்கா மாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறவர். அவரும் ஒரு வருடம் உபயம் எடுத்தார். மாட்டு வண்டியில் தேர், பெட்ரோமாக்ஸ் விளக்கு, புகைவீட்டு வாசனையோடு கலந்த சாம்பிராணி, பெரிய அண்டாவில் பட்டாணி சுண்டல். இப்போது நீலாயில் மகள் வீட்டு ஏர்கானில் உட்கார்ந்துகொண்டு நினைத்தாலும் அந்தச் சுண்டல் வாசனை வருகிறது. அதெல்லாம் இனி வராது என்று தெரியும். தெரிந்தும் மனது அங்கேதான் போய் நிற்கிறது.

இந்தக் காப்பியில் ஒரு கோளாறு வந்தது. வருடம் போகப் போக மாதா கையிலிருந்த குழந்தை பெரிதாகிக்கொண்டே போனது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. தொண்ணூறு வாக்கில் குழந்தையின் கால் மாதாவின் இடுப்புக்குக் கீழே தொங்கியது. "ஏன் ஆம்புரோஸ், மாதாவுக்குக் கை கடுக்காதா?" என்று கேலி பேசினார்கள். பூசைக்கு வந்த சாமியாரும் சிரித்துக்கொண்டே கேட்டார். இவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

"மழை நேரம் சாமி. பிரவுன் பேப்பர் ஈரத்துல இழுத்துக்குது."

தோட்டமே அதை நம்பியது. நானும் நம்பினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று என் வாய்தான் அதிகம் பேசியது. பிறகு அந்தப் பெரிய பிள்ளையே எங்கள் அடையாளமாகிவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் எங்களைப் 'பெரிய பிள்ளை மாதா கோயில்காரர்கள்' என்றார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு முதலில் ஓர் ஆண் பிள்ளை. இன்னாசி என்று பெயர். எண்பத்தாறு அக்டோபரில் பிறந்தான், மறு வருடம் ஜூலையில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்துக்குப் போட்டோக்காரர் திருவிழாவுக்கு மட்டும்தான் வருவார். என் பிள்ளை இரண்டு திருவிழாவுக்கு நடுவில் வந்து நடுவிலேயே போய்விட்டதால் அவனுக்கு ஒரு படம்கூட இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் இவர் ஸ்டோருக்கு வேலைக்குப் போனார். தூளிச் சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அன்றைக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. நான் அழுதால் எழுந்து வெளியே போய்விடுவார். இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள், அவளை நன்றாகத்தான் வளர்த்தார். ஆனாலும் இந்த ஒன்றை நான் மன்னிக்கவில்லை. பெற்றவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு முப்பத்தேழு வருடம் நெஞ்சில் கிடந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் தோட்டம் கைமாறியது. கோயிலும் லயமும் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சனங்கள் நீலாய், ரந்தாவ், சிரம்பான் என்று பிரிந்து போனார்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிறு மட்டும் லாபு பொதுமண்டபத்தில், பாலாய் ராயாவில், கூடுகிறோம். மிச்சமிருப்பது அந்தக் கொடி ஒன்றுதான். கொரோனா வந்த இரண்டு வருடம் தவிர அது நின்றதில்லை.

போன வருடம் ஆகஸ்டில் வந்தது வினை. எங்கள் கூட்டத்தை நடத்துகிற விக்டர், பழைய மண்டோர் மகன், கொடிப் படத்தை டீ சட்டையில் அச்சடித்துப் பேஸ்புக்கில் போட்டான். பத்து நாளில் கோலாலம்பூரில் இருக்கும் ஓர் ஓவியக்கூடத்தின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. தாளை ஆட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, நம்ம படத்தை நாம திருடிட்டோமாம். கேட்டியா கொரெட்டி அக்கா இந்தக் கொடுமையை."

விஷயம் இதுதான். ஜோசலின் என்று ஒரு பெண். எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான், திலகாவின் மகள், தோட்டம் மூடியபோது நாலு வயதுக் குழந்தை. ஓவியம் படித்துப் பெரிய ஆளாகிவிட்டாள். தொண்ணூற்றெட்டில் அவர்கள் குடும்பம் உபயம் எடுத்துக் கிடைத்த கொடி அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதைப் பார்த்து அவள் சுவர் அளவுக்குத் துணியில் பெரிய மாதா வரைந்து, கண்காட்சியில் வைத்துப் பேர் வாங்கியிருக்கிறாள். டீ சட்டையை விற்கக் கூடாது, அந்தப் படத்தை எந்த வடிவத்திலும் போடக் கூடாது, கொடியிலும் கூடாது என்று கடிதம் சொன்னது. வளர்ந்த பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் மாதா என்பது அந்த ஓவியரின் சொந்தக் கற்பனையாம். கூடவே ஒரு பத்திரிகைப் பேட்டியையும் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய கொடி இருந்தது, யார் வரைந்தது என்று யாருக்கும் தெரியாது என்று அதில் ஜோசலின் சொல்லியிருந்தாள்.

இவர் கடிதத்தைக் கேட்டார். பேட்டியைக் கேட்டார். மேசையில் விரித்து வைத்திருந்த பிரவுன் பேப்பரைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். திருவிழாவுக்கு நான்கு வாரம் இருந்தது. எழுபதை நெருங்கும் மனுஷன், தன் படத்தைத் தொடக் கூடாது என்று யாரோ சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

விக்டர் ஒரு வக்கீலைக் கூட்டி வந்தான். ரோகினி, ரந்தாவ் பெண், மயிலம்மாள் அக்காவின் பேத்தி. சம்பளம் வேண்டாம் என்றுதான் வந்தாள். அவள் தெளிவாகச் சொன்னாள்.

"அங்கிள், ரொம்ப சிம்பிள். இந்தப் படம் என்னோட சொந்தப் படைப்புன்னு நீங்க ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியம் வாங்குற அதிகாரி, பெசுருஜாயா சும்பா முன்னால கையெழுத்து போட்டா போதும். நீங்க அவங்களுக்கு முப்பது வருஷம் முந்தி."

"போட முடியாதும்மா."

"ஏன்?"

"சொந்தம் இல்ல. காலண்டரைப் பார்த்துப் போட்டது. நானே காப்பி அடிச்சவன், அந்தப் புள்ளைய என்னத்தச் சொல்றது? சத்தியம் பண்ணி பொய் எழுத மாட்டேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "ஆமா, ஊர் ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான் அரிச்சந்திரன்" என்றேன். காதில் வாங்கவில்லை.

ரோகினி விடவில்லை. "சரி, மாதா காலண்டர். ஆனா காலண்டர் மாதா கையில சின்னக் குழந்தைதானே. அவங்க சண்டை போடறதே அந்தப் பெரிய பிள்ளைக்குத்தான். அதை யாரு பெருசாக்குனது, எதுக்கு? அதைச் சொல்லுங்க அங்கிள், அது போதும்."

இவர் தரையைப் பார்த்தார். பார்த்தபடியே, "பேப்பர் இழுத்துக்கிச்சு" என்றார்.

"அப்படின்னா அது தானா நடந்த பிசகு. படைப்புன்னு வாதாட எனக்குக் கஷ்டம்" என்று அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு, கிடைக்கிற பழைய கொடிகளையெல்லாம் சேர்க்கச் சொன்னாள். அவற்றில் வருடம் இருக்கிறது, அதையாவது காட்டலாம் என்றாள்.

விக்டர் வாட்சாப்பில் கூப்பிட்டான். இரண்டு வாரத்தில் இருபத்தாறு கொடிகள் வந்தன. நாற்பது வருடத்துக் கொடிகள் இதுவரை ஓரிடத்தில் சேர்ந்ததே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குப் போனதோடு சரி. மயிலம்மாள் அக்காவின் எண்பத்தொன்பதாம் வருடக் கொடி சாமி அறையிலிருந்து வந்தது. மாதா நெற்றியில் முப்பத்தைந்து வருடக் குங்குமம். ஒரு வீட்டில் ஜன்னல் திரையாக இருந்திருக்கிறது. தொண்ணூற்றொன்றாம் வருடக் கொடி வராது என்றார்கள், அதை ஒரு கிழவி தன் சவப்பெட்டியில் போர்த்தச் சொல்லிக் கொண்டுபோய்விட்டாராம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாலாய் ராயாவின் தரையில் அவற்றை வருட வரிசையில் விரித்தோம். ஜோசலினும் வந்திருந்தாள், தொண்ணூற்றெட்டாம் வருடக் கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு. கடிதம் ஓவியக்கூடத்துக்காரர்கள் அனுப்பியது, தனக்கு அதில் மனமில்லை என்று வாசலிலேயே சொன்னாள். விக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர், "வாம்மா, திலகா சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆண்ட்டி, பேப்பர் வருஷத்துக்கு எவ்வளவு இழுத்திருக்குன்னு அளந்து சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள் ரோகினி. தையல் டேப் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். மண்டி போட்டு அளக்க ஆரம்பித்தேன்.

எண்பத்து நான்கு. மாதா முடியிலிருந்து பாதம் வரை இருபத்தேழு அங்குலம். குழந்தை ஏழு. எண்பத்தேழு வரைக்கும் அதேதான். எண்பத்தெட்டில் குழந்தை எட்டு. மாதாவை அளந்தேன், இருபத்தேழு. எண்பத்தொன்பதில் குழந்தை ஒன்பது. மாதா அதே இருபத்தேழு.

இன்னொரு முறை அளந்தேன், அதேதான். நாற்பது வருடம் துணி தைத்தவள் நான். துணியோ பேப்பரோ ஈரத்தில் இழுத்தால் மொத்தமாக இழுக்கும். தாயை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் இழுக்காது. இந்த ஒரு சின்னக் கணக்கு இத்தனை வருடம் என் புத்திக்கு எட்டவில்லை.

தொண்ணூறில் பத்து. தொண்ணூற்றிரண்டில் பன்னிரண்டு. வருடத்துக்குச் சரியாக ஓர் அங்குலம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொண்ணூற்று மூன்றில் பதின்மூன்று. தொண்ணூற்று நான்கை அளந்தேன். பதின்மூன்று. அதற்குப் பிறகு எல்லாம் பதின்மூன்றுதான், கடைசிக் கொடி வரைக்கும். எண்பத்தெட்டில் வளர ஆரம்பித்தது தொண்ணூற்று மூன்றில் நின்றுவிட்டது. எண்பத்தாறில் பிறந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருடம் தொண்ணூற்று மூன்று. எனக்குத் தெரியாதா? அந்த ஜனவரியில் லயத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்குப் போனதை நான் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்காமல் இருந்தேன்.

மண்டி போட்டபடியே திரும்பினேன். இவர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

"என்னாங்க. பேப்பரா இழுத்துக்கிச்சு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இன்னாசியா?"

அந்தப் பெயரை நான் சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் போற புள்ளைய இன்னும் எத்தன வருஷம் கையிலயே வச்சிருக்கறது, கொரெட்டி. அதான் அதோட நிறுத்திட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்தேன். இத்தனை வருடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நானும் சேர்ந்து பார்த்திருப்பேனே என்று கத்தினேன். அதே சட்டையில் முகத்தை வைத்து அழுதேன். அவரும் அழுதார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் அவர் அழுவதைப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. அழுகையிலும் கல்லுளிமங்கன்.

ரோகினி கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். "அங்கிள், இப்ப சொல்லுங்க. எது உங்களோடதோ அதை மட்டும் சொல்லுங்க."

இவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மாதா என்னோடது இல்லம்மா. அது சிரம்பான் கடைக் காலண்டரைப் பார்த்துப் போட்டது. கிரீடம், உடுப்பு, மேகம் எல்லாம் பார்த்துப் போட்டதுதான். பிள்ளைய மட்டும் நான் எதையும் பார்த்துப் போடல. ரெண்டு வயசுல அவன் எப்படி இருப்பான், மூணு வயசுல எப்படி இருப்பான்னு பார்க்கறதுக்கு எனக்கு ஆள் இல்ல. நானா நெனச்சுத்தான் போட்டேன்."

ரோகினி அதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினாள். இவர் திங்கட்கிழமை போய்ச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்.

அது தேவைப்படவில்லை. ஜோசலின் அன்றைக்கே கோலாலம்பூருக்குப் போன் போட்டுவிட்டாள். அடுத்த வாரம் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக இன்னொரு கடிதம் வந்தது. அவள் ஓவியத்தின் கீழே இப்போது பாலத்துத் தோட்டம் ஆம்புரோஸ் எழுதிய கொடியைப் பார்த்து வரைந்தது என்று இருக்கிறது. எங்களை அழைத்துப் போய்க் காட்டினாள். இவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "நல்லா காப்பி அடிச்சிருக்கம்மா. கால் விரல் மட்டும் சரியா வரல, அவனுக்குக் கட்டை விரல் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்" என்றார். அந்தப் பெண் கைப்பேசியில் அதைக் குறித்துக்கொண்டாள். எனக்கு அந்த வளைந்த கட்டை விரல் நன்றாக ஞாபகம் இருந்தது. என் அப்பாவின் விரல் அது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இவர் அலமாரி மேலிருந்து பேப்பரை எடுத்தார். எழுதி முடித்து, காய்ந்ததும், வழக்கம்போல ஒன்றும் பேசாமல் என் மடியில் கொண்டுவந்து போட்டார். நான் ஊசியில் நூலைக் கோத்தேன். தைக்க முடியவில்லை. இத்தனை வருடமாக இந்த மனுஷன் என் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில்தான் போட்டிருக்கிறார், நான்தான் குனிந்து ஓரத்தை மட்டும் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு ஓரத்தை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் கதவோரம் நின்று, "நாழி ஆகுது கொரெட்டி" என்றார். "இருங்க, அவன இப்பத்தான் பார்க்கறேன்" என்றேன்.